பாட முடியாத வேகம்

"ஸ்டெல்லா டீச்சர், யார் வீட்ல சாவு?"

எதிர்வீட்டு ரோஸி அக்கா நைட்டியின் மேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கையில் பால் பாக்கெட்டோடு எங்கள் கேட்டருகே நின்று கேட்டார். ஜனவரி மாதம், விடிந்தும் விடியாத நேரம். பெங்களூர் காக்ஸ் டவுனில் அப்போது தெருவிளக்கு எரிவது தெரியும், வெளிச்சம் மட்டும் தரைக்கு வராது. அத்தனை பனி. அந்தப் பனிக்குள்ளிருந்து ஆண்களின் அடிக்குரல்கள் ஒரு கீர்த்தனையைத் தூக்கிக்கொண்டு வந்தன. கூடவே தப் தப்பென்று கேன்வாஸ் ஷூ சத்தம்.

அப்புறம் ஆட்களே வந்தார்கள். தலையில் குரங்குத் தொப்பி, கழுத்தில் மஃப்ளர், காலில் வெள்ளை ஷூ. கையை வீசிக்கொண்டு, இடது வலது பார்க்காமல், வாயை அகலத் திறந்து பாடிக்கொண்டே எங்களைத் தாண்டி மார்க்கெட் பக்கம் போனார்கள். முன்வரிசையில், தொப்பை முதலிலும் மற்றதெல்லாம் பிறகுமாகப் போனவர் என் வீட்டுக்காரர்.

"சாவு இல்லக்கா. சுகரு" என்றேன்.

ரோஸி அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உட்கார்ந்தே வந்த வியாதி

போன வாரம் இந்தப் பத்தியில் மண்ணெண்ணெய் வரிசையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்த ஒரு வாசகி, "உங்கள் வீட்டுக்காரர் எங்கே போனார்? அவரைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே" என்று கேட்டிருக்கிறார். அவர் எங்கேயும் போகமாட்டார் அம்மா. அதுதான் அவருடைய வியாதியே.

இவர் பெயர் ஞானராஜ். எங்கள் இரண்டு பேருக்குமே ஊர் கோலார் தங்கவயல். இரண்டு அப்பாக்களும் சுரங்கத்துக்குள் இறங்கினவர்கள். அந்த ஊரில் 'வாக்கிங்' என்று ஒரு சமாச்சாரம் கிடையாது. ஷிஃப்டுக்கு நடப்பார்கள், தண்ணீருக்கு நடப்பார்கள், மேட்டில் ஏறிக் கோயிலுக்கு நடப்பார்கள். கிளம்பின இடத்துக்கே திரும்பி வருவதற்காக ஒரு மனுஷன் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினால், அவனைப் பிடித்து உட்காரவைத்துத் தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்திருப்பார்கள்.

பெங்களூருக்கு வந்து இவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலைக்குச் சேர்ந்தார். கம்பெனி பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். ஏறி உட்காருவார். அங்கே போய் இறங்கி நாற்காலியில் உட்காருவார். சாமான் எடுத்துக் கொடுக்க வேறு ஆள் உண்டு, இவர் கையெழுத்துப் போட்டால் போதும். சாயங்காலம் மறுபடி பஸ், அப்புறம் சோபா. தண்ணீர் வேண்டுமென்றால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். சமையலறைக்கும் சோபாவுக்கும் நடுவில் இருந்த தூரத்தை இவர் கால்கள் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்பார். எங்கள் சபையின் பாடகர் குழுவில் இவர் பேஸ், அதாவது அடிக்குரல். கடைசி வரிசையில், பின்னால் இருக்கும் சுவரில் சாய்ந்துகொண்டு பாடுவார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். ஆள் எழுந்து நடப்பாரா என்று அப்போது எனக்கு விசாரிக்கத் தோன்றவில்லை.

இந்த நடைக்கெல்லாம் முந்தின கிறிஸ்துமஸுக்கு வீட்டில் குல்குல், ரோஸ் குக்கீஸ், அதிரசம். வருகிறவர்கள் கொண்டுவந்த கேக் வேறு. புத்தாண்டு முடிந்ததும் இவருக்கு ஓயாத தாகம். பானைத் தண்ணீர் காலியாகிக்கொண்டே இருந்தது. நான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த சாரதா டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா போட்ட கெடு

சாரதா டாக்டர் கன்னடக்காரர். வைத்தியம் பார்ப்பது எங்கள் ஜனங்களுக்கே என்பதால், யாருக்கு எந்தப் பண்டிகை எப்போது வரும், யார் வீட்டில் என்ன பலகாரம் செய்வார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கெடு வைப்பதும் பண்டிகைக் கணக்கில்தான்.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"ஈஸ்டர் வரைக்கும் டைம் தர்றேன் ஞானராஜ். மாத்திரை சாப்பிடணும், உடனே டிஃபன் சாப்பிடணும், தினமும் நடக்கணும். கம்மி ஆகல்லேன்னா ஊசிதான். தினா ஊசி."

ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் இவர் முகம் வெள்ளைத் துணியாகிவிட்டது.

சிரிக்காதீர்கள். தொழிற்சாலையில் ஒருமுறை ரத்ததான முகாம் போட்டபோது, டிரைவர் இல்லாத கம்பெனி பஸ்ஸில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தவர் இவர். ஆனால் அது வெறும் பயந்தாங்கொள்ளித்தனம் மட்டும் இல்லை.

இவருடைய அண்ணன், எனக்கு மூத்தார் முறை, தங்கவயலிலேயே இருந்தார். அவருக்கும் சுகர். அவருக்கும் டாக்டர் ஊசி என்றுதான் சொன்னார். "ஊசி ஆரம்பிச்சா நிறுத்த முடியாதுடா, அது கடைசிக் கட்டத்துக்குப் போடறது" என்பார் மூத்தார். யார் சொன்னாலும் ஒரே பதில். "பாக்கலாம், பாக்கலாம்." முதலில் கால் விரல் போனது. பிறகு பாதம் போனது. அப்போதும் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். கடைசியில் ஆளே போய்விட்டார். பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். அடக்கம் முடிந்து வந்தபிறகு அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆனால் ஊசி விஷயத்தில் அண்ணன் கட்சிதான்.

ஆகவே எனக்குக் கணக்கு தெளிவாகத் தெரிந்தது. ஊசி என்று வந்துவிட்டால் இந்த மனுஷன் போட்டுக்கொள்ள மாட்டார். போட்டுக்கொள்ளாவிட்டால் மூத்தார் போன வழியே போவார். ஈஸ்டருக்குள் நடந்தே சுகரைக் குறைத்தாக வேண்டும், வேறு வழியில்லை. அன்றைக்கு ஆட்டோவில் வீடு திரும்பும்போது நான் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தேன்.

டாக்டரிடமிருந்து கிளம்புவதற்கு முன்னால் இவர் ஒரு நல்ல கேள்வி கேட்டிருந்தார். "எவ்ளோ வேகமா நடக்கணும் டாக்டர்?"

"மாத்தாடோக்கே ஆக்பேக்கு, ஹாடோக்கே ஆக்பார்து" என்றார் டாக்டரம்மா. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மூச்சு அந்த அளவுக்கு வாங்கினால் போதும், அதுதான் சரியான வேகம். வேகத்தைக் கேட்கிற எல்லா நோயாளிக்கும் இதைத்தான் சொல்வாராம். யாருக்கும் இதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

அப்படி நடந்தவர்கள் யாரும் எபநேசர் மாஸ்டரிடம் பாட்டுப் படித்தவர்கள் இல்லை.

மூச்சு வாங்காத மனிதர்கள்

எபநேசர் மாஸ்டர்தான் எங்கள் பாடகர் குழுவின் தலைவர். மூச்சு விடுவது வெளியே கேட்டால் அது பாவம் என்பது அவருடைய சட்டம். ஒரு கீர்த்தனையின் ஒரு வரியை ஒரே மூச்சில் பாடவேண்டும், தோள் ஏறி இறங்கக் கூடாது, வயிற்றிலிருந்து காற்று வரவேண்டும். வருஷக்கணக்காக இவரை அப்படிப் பழக்கியிருந்தார்.

முதல் நாள் நடந்துவிட்டு வந்து இவர் வாசல்படியில் உட்கார்ந்தார்.

"பாட முடியுது ஸ்டெல்லா."

"அப்ப இன்னும் கொஞ்சம் வேகமா நடங்க."

மறுநாளும் வந்து உட்கார்ந்தார். "இன்னும் பாட முடியுது."

"என்னா பாட்டு பாடினீங்க?"

"நீட்டமான பாட்டுதான். நாலு சரணமும் வந்துச்சு."

அந்த வாரம் முழுக்க இதே புகார். சந்தோஷப்படவேண்டிய விஷயத்துக்கு இந்த மனுஷன் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் உடம்பு குணமாகவே மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது என்று நினைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குழுவில் போய்ச் சொல்லியிருக்கிறார். அங்கே பார்த்தால் முக்கால்வாசிப் பேர் சாரதா டாக்டரின் நோயாளிகள். டெனர் என்ற மேல்குரல் பாடும் தேவதாஸுக்கு சுகர். எபநேசர் மாஸ்டருக்கே பி.பி. மற்றவர்களுக்குக் கொழுப்பு, மூட்டுவலி. எல்லோரும் பாங்க், ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று நாற்காலி தேய்த்தவர்கள். எல்லோருக்கும் டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருந்தார், யாரும் நடக்கவும் இல்லை, எவ்வளவு வேகம் என்று கேட்கவும் இல்லை. இவர் சொன்னதைக் கேட்டதும் மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"பாட முடியக் கூடாதா? நம்ம கொயர்லயா? யாரைப் பாத்து சொல்லிக்கினு இருக்காங்க?"

"மாஸ்டர், அது வந்து வேகத்துக்காக..."

"எந்த வேகத்துலயும் நம்ம ஆளுங்க பாடுவாங்க. நாளைலேர்ந்து எல்லாரும் வாங்க. நடந்துகினே பிராக்டிஸ்."

நோயைக் குறைக்கக் கொடுத்த அளவுகோல் அந்த நிமிஷத்தில் மானப் பிரச்சினையாக மாறியது. பாட முடியாத வேகத்துக்குப் போவது இலக்கு என்பது போய், எவ்வளவு வேகத்திலும் பாடிக்காட்டுவது இலக்கு ஆகிவிட்டது. வேகத்தைக் கூட்டுவார்கள், பாட்டு நிற்காது. பாட்டு நிற்கவில்லையே என்று மறுபடி கூட்டுவார்கள். பாடிக்கொண்டே இருந்ததால் யாரும் யாரோடும் பேசவில்லை. டாக்டரம்மா சொன்னதில் பாதி இருக்கிறதே, பேச முடிய வேண்டும் என்று, அது எல்லோருக்கும் மறந்தே போனது.

எதிரே வந்த மார்கழி

இதில் நாய்கள் கதை தனி. முதல் வாரம் குரைத்தன. இரண்டாம் வாரம் பின்னாலேயே வந்தன. அப்புறம் ஒரு செம்பட்டை நாய் கூடவே ஊளையிட ஆரம்பித்தது. அது சுருதியில் நிற்கிறது, நீங்கள்தான் இறங்குகிறீர்கள் என்று தேவதாஸை மாஸ்டர் திட்டியதாகக் கேள்வி.

குழு நடக்க ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று நாள் மார்கழி இன்னும் முடியவில்லை. அல்சூர்ப் பக்கத்துக் கோயில் பஜனைக் கோஷ்டி ஒன்று ஜால்ரா தட்டிக்கொண்டு எதிரே வந்திருக்கிறது. குறுகலான தெரு. இவர்கள் நிறுத்தினால் டாக்டரம்மாவிடம் தோற்ற மாதிரி. அவர்கள் நிறுத்தினால் சாமிக் குற்றம். இரண்டு கூட்டமும் நிறுத்தாமல் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே வந்திருக்கின்றன. வந்தபிறகு எண்ணிப் பார்த்தால் இந்தப் பக்கம் தேவதாஸைக் காணோம், ஜால்ராக்காரர் ஒருவர் அதிகமாக இருக்கிறார்.

அந்த ஜால்ராக்காரர் தெருமுனை வரை நன்றாகவே தாளம் போட்டாராம். தேவதாஸ் கோயில் வரைக்கும் போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல்.

"குடுத்தாங்க. வேணாம்னா மரியாதை இல்லையே" என்றார் என்னிடம். சொல்லும்போது தொன்னை காலியாக இருந்தது.

ஆராதனையும் மாறிப்போனது. கால் பழகின வேகத்தை வாய் விடவில்லை. நிதானமாகப் பாடவேண்டிய பாட்டெல்லாம் எங்கள் குழு வாயில் ஓடிப்போனது. சபையார் இரண்டாம் சரணத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது குழு ஆமென் சொல்லி உட்கார்ந்துவிடும். ஆராதனை சீக்கிரம் முடிந்தது, மதியச் சமையலுக்கு நேரம் கிடைத்தது, எங்கள் பெண்களுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. எங்கள் சபைப் போதகர் ஐயருக்கு மட்டும் வருத்தம்.

இவர் வயிறு உள்ளே போயிருந்தது. பானைத் தண்ணீரை இவரே எழுந்து போய் மொண்டு குடித்தார். ஊசி வேண்டியிருக்காது என்று நானும் நம்ப ஆரம்பித்தேன். அந்த நம்பிக்கையில் நன்றாகத் தூங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

குருத்தோலைப் பவனி

குருத்தோலை ஞாயிறு. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு. சபையார் கையில் குருத்தோலையோடு காக்ஸ் டவுன் தெருக்களைச் சுற்றிக் கோயிலுக்குத் திரும்பும் பவனி. வெள்ளை அங்கி போட்ட பாடகர் குழு முன்னால், நடுவில் ஐயர், பின்னால் நாங்கள். வழக்கமாக வயசானவர்கள் கதை பேசிக்கொண்டே வருகிற நடை அது.

அன்றைக்கு ஆராதனையில் அப்பமும் திராட்சை ரசமும் தரும் திருவிருந்து உண்டு. திருவிருந்து எடுக்கும்வரை வாயில் எதுவும் படக் கூடாது என்பது இவர் வீட்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் இவர் அசையாத கல். ஆனால் டாக்டரம்மா பேச்சையும் தட்டக் கூடாது என்று, சுகர் மாத்திரையை மட்டும் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு, இட்லியைத் தொடாமல் கிளம்பியிருக்கிறார். நான் குருத்தோலை வாங்க முன்பே போய்விட்டதால் எனக்குத் தெரியாது.

கேட்டைத் தாண்டியதும் குழு பாட ஆரம்பித்தது. பாட ஆரம்பித்ததும் கால்களும் ஆரம்பித்தன.

முதல் திருப்பத்திலேயே எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு வீடு இடைவெளி. இரண்டாவது திருப்பத்தில் ஐந்தாறு வீடு. ஐயர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். நிறுத்தச் சொல்லிக் குருத்தோலையை ஆட்டினார். அவர்கள் திரும்பிப் பார்த்து, ஐயர் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து, பதிலுக்கு ஓலையை ஆட்டிவிட்டு இன்னும் வேகம் எடுத்தார்கள். மார்க்கெட் முனையில் ஒரு சிட்டி பஸ் நடுவில் புகுந்தது. கண்டக்டர் தலையை நீட்டி, "ஏனு சாமி, ஓட்டப் பந்தயனா?" என்று ஐயரிடம் கேட்டார்.

பஸ் நகர்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. தூரத்தில் பாட்டு கேட்டது, அடிக்குரல் கேட்கவில்லை. அந்தக் குரலை ஆயிரம் குரலில் அடையாளம் சொல்வேன் நான்.

குழு நின்றிருந்தது. இவர் ஒரு காம்பவுண்ட் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

"பாட முடியலையா ஞானராஜ்?" என்று மாஸ்டர் கேட்பது எனக்குக் கேட்டது.

இவர் இல்லை என்று தலையாட்டினார்.

அவ்வளவுதான். அந்தக் கூட்டம் கொண்டாட ஆரம்பித்துவிட்டது. தேவதாஸ் இவரைக் கட்டிப்பிடித்தார். "வந்துடுச்சு மாஸ்டர். டாக்டரம்மா சொன்ன வேகம் வந்துடுச்சு." மாஸ்டருக்குத் தோற்றுப்போன வருத்தம் ஒரு பக்கம், இருந்தாலும் கையைப் பிடித்துக் குலுக்கினார். குருத்தோலைகளை இவர் தலைக்குமேல் ஆட்டினார்கள்.

நான் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். ஐயரைத் தாண்டி ஓடினேன். போய்ப் பார்த்தால் இவர் அங்கி முழுக்க வியர்வையில் ஒட்டியிருக்கிறது. கை நடுங்குகிறது. கண் என் மேல் இருக்கிறது, என்னைப் பார்க்கவில்லை.

"பேசுங்க" என்றேன். "பாட வேணாம். ஏதாவது பேசுங்க. நான் யாரு, சொல்லுங்க."

ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னார்.

"அண்ணே. வா, போலாம்."

கொண்டாடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

சுகர் இறங்கிவிட்டால் ஏதாவது இனிப்பு கொடுக்கவேண்டும் என்று டாக்டரம்மா எனக்குச் சொல்லியிருந்தார். "யாராவது இனிப்பு குடுங்க" என்று கத்தினேன். அத்தனை பேரும் பையைத் துழாவினார்கள். ஒருவரிடம் உப்பு பிஸ்கட். ஒருவரிடம் வறுத்த கடலை. மாஸ்டரிடம் வெந்தயம். வியாதிக்காரர்கள் கூட்டத்தில் இனிப்புக்கு எங்கே போவது?

தேவதாஸ் மட்டும் துழாவவில்லை. வானத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அப்புறம் அங்கியைத் தூக்கி, பேண்ட் பாக்கெட்டுக்குள் கைவிட்டு, செய்தித்தாளில் சுற்றின ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். மைசூர்பாகு. பெரிய துண்டு.

"யாருக்கோ வாங்கினது" என்றார்.

நான் அதை உதிர்த்து உதிர்த்து இவர் வாயில் போட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் வந்தது, அதையும் ஊற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் திரும்பியது. நடுக்கம் நின்றது. நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார்.

"எங்க வாங்கினது இது? நெய்யே போடல."

நடுத்தெருவில் உட்கார்ந்து நான் அழுதேன்.

புதிய அளவுகோல்

மறுநாள் சாரதா டாக்டர் திட்டியதை எழுதினால் ஆசிரியர் அச்சில் போடமாட்டார். வெறும் வயிற்றில் மாத்திரை, அதன்மேல் ஓட்டம். "இவத்து, இன்னைக்கு நடந்தா நாளைக்கும் நடக்க முடியணும், அப்படி நடக்கணும்பா. ஒரே நாள்ல முடிக்கிற வேலை இல்ல இது" என்றார். அந்த வாரம் இரண்டு மூன்று முறை பரிசோதனை செய்தார். நடந்ததில் உடம்பு தேறியிருந்தது, ஆனால் சுகர் ஒரு நாள் ஏறி ஒரு நாள் இறங்கி ஆட்டம் போட்டது. மாத்திரை போதாது, ஊசிதான் என்று எழுதிக் கொடுத்தார்.

"பாக்கலாம் டாக்டர்" என்றார் இவர்.

அந்தப் 'பாக்கலாம்' என்ற வார்த்தையை நான் மூத்தார் வாயில் முன்பே கேட்டிருக்கிறேன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "இனிமே கொயர் கூட வேணாம். நீங்க கூடப் போங்க டீச்சர். பேசிட்டே நடக்கணும். பேச்சு நின்னா மெதுவா நடங்க."

ஊசி மருந்தை வாங்கிவந்து ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அது அங்கேயே இருந்தது. காலையில் இரண்டு பேரும் நடந்தோம்.

இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின இரண்டு பேருக்கு அரை மணி நேரம் பேச விஷயம் கிடையாது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் நாள் கேஸ் சிலிண்டரைப் பற்றிப் பேசினோம். அடுத்த நாள் தெருச் சாக்கடை. அதற்கடுத்த நாள் என் பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களைப் பற்றி நானே பேசினேன், இவர் ம் ம் என்றார். ஊசி என்ற பேச்சை எடுத்தால் மட்டும் எதிர்ப்பக்கத்துக்குப் போய் நடப்பார்.

ஈஸ்டர் முடிந்து ஒரு நாள், ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் வரும்வரை நிற்கவேண்டியதாயிற்று. இவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு உன்ன அண்ணேன்னு கூப்ட்டனாமே. தேவதாஸ் சொன்னாரு."

"ஆமா."

"எங்க போலாம்னு கூப்ட்டேன்?"

"அது சொல்லல. வா போலாம்னீங்க."

ரயில் கடந்து போனது. அப்புறம், "எனக்குப் பயமா கீது ஸ்டெல்லா" என்றார். எங்கள் ஊர்த் தமிழ் அது. பெங்களூர் வந்தபிறகு இவர் வாயில் நான் கேட்டதில்லை.

இதற்காகவே சேர்த்துவைத்த வசவு எவ்வளவோ என்னிடம் இருந்தது. "எனக்கும்தான் பயமா கீது" என்றேன். "நீங்க போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

கேட் திறந்தது. நாங்கள் தாண்டிப் போகவில்லை, வீட்டுக்குத் திரும்பினோம். இவரே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். மருந்துக் குப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, சோபாவில் உட்காராமல் நின்றபடியே சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா வயிற்றில் போடக் கற்றுக்கொடுத்திருந்தார்.

போட்டேன்.

"ஆச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

சட்டையை இறக்கிவிடாமல் அப்படியே நின்றார். குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லை. அப்புறம்தான் அந்தப் பெரிய குரல் உடைந்தது.

"இதுக்கா ஸ்டெல்லா, எங்கண்ணன் செத்துப்போனாரு?"